லாந்தனம்-நிக்கல் உருளை 5 கிராம் ஹைட்ரஜனோடு நின்றுவிடுகிறது, அலாய் சரியில்லையா?

முகில்_தெர்மல்

எல்லாருக்கும் வணக்கம். எம்.டெக் வெப்பவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். புராஜெக்ட், உலோக ஹைட்ரைடில் ஹைட்ரஜன் சேமிப்பு, அதாவது ஒரு அலாய்ப் பொடி (உலோகக் கலவை) ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்கிற முறை. ஒரு சின்ன உருளை செய்து, அது எவ்வளவு வேகத்தில் நிரம்புகிறது, எவ்வளவு வேகத்தில் காலியாகிறது என்று அளக்க வேண்டும். அடுத்த மாதம் ரிவ்யூ. நிரப்புவதிலேயே சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

செட்டப்பைச் சொல்லிவிடுகிறேன். 1 கிலோ லாந்தனம்-நிக்கல் அலாய், ஒரு லாந்தனத்துக்கு ஐந்து நிக்கல் வகை. 316 எஸ்.எஸ். பைப், உள்விட்டம் 50 மி.மீ., உள் நீளம் 160 மி.மீ. ஒரு முனை வெல்ட் செய்து மூடியது. மறுமுனையில் 0.5 மைக்ரான் சின்டர்டு ஃபில்டர், அதற்கு மேல் ஊசி வால்வு. பொடி, உருளையின் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. 80 டிகிரியில் வாக்குவம் இழுத்து, 20 பாரில் ஹைட்ரஜன் கொடுத்து, ஏற்றி இறக்கி ஆக்டிவேஷன் செய்தோம், அதாவது பொடியை ஹைட்ரஜன் வாங்கப் பழக்கினோம். முதல் தடவை ரொம்ப மெதுவாக ஏறியது, அப்புறம் தடவைக்குத் தடவை வேகம் கூடியது. கேஸ் 99.999 சதவீதம் சுத்தம்.

இப்போது பிரச்சினை. உருளை மேஜை மேல் இருக்கிறது, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். ரெகுலேட்டரை 10 பாரில் வைத்து வால்வைத் திறந்தால், ஃப்ளோ மீட்டர் (0 முதல் 50 லிட்டர் வரை காட்டும்) நிமிடத்துக்கு 25 லிட்டரைத் தொடுகிறது. அரை நிமிடம்தான். பிறகு சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிடுகிறது. அரை மணி நேரம் காத்திருந்து மூடி, தராசில் வைத்தால் 5 கிராம்தான் கூடியிருக்கிறது. புத்தகத்தில் எடையில் 1.4 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 14 கிராம் ஏற வேண்டும் இல்லையா?

அலாய் மட்டமானது, திருப்பி அனுப்பிவிடு என்கிறார் கைடு. அனுப்பினால் மறுபடி வந்து சேர ரிவ்யூ தாண்டிவிடும். உருளையைத் தொட்டால் நன்றாகச் சுடுகிறது, அது இயல்புதான் என்று படித்திருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேதி_மலர்

எனக்குத் தோன்றுவது மாசு. இந்த அலாய் வகைக்குக் கார்பன் மோனாக்சைடு பெரிய எதிரி. பொடியின் மேற்பரப்பில்தான் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுவாகப் பிரிகிறது. அந்த இடங்களைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்டால் உள்ளே போக வழியில்லை. ஆக்சிஜனும் ஈரமும் அந்த அளவுக்குக் கெடுக்காது, ஆனால் அதுவும் நல்லதில்லை. சிலிண்டரிலிருந்து உருளை வரைக்கும் உள்ள குழாயை வாக்குவம் இழுத்துச் சுத்தம் செய்தீர்களா? இல்லையென்றால் 100 டிகிரி வரை சூடாக்கி வாக்குவம் போட்டு மறுபடி முயன்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு என்றால் அதிலேயே பெரும்பாலும் விலகிவிடும்.

சேது_குளிர்பதனம்

தம்பி முகில், அலாயைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஹைட்ரைடு ரியாக்டர்களோடு பல வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இதே கேள்வியோடு ஆய்வகத்துக்கு வந்த மாணவர்கள் நிறைய. எல்லாரும் பிரஷரையும் கேஸின் சுத்தத்தையும் பார்ப்பார்கள், சூட்டை மட்டும் விட்டுவிடுவார்கள். நீங்களும் அதைக் கடைசி வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள். விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

மலர் சொன்ன மாசு நியாயமான சந்தேகம். ஆனால் மேற்பரப்பு கெட்டிருந்தால் முதல் விநாடியிலிருந்தே மந்தமாக இருக்கும். முதல் அரை நிமிடம் 25 லிட்டர் வேகத்தில் குடிக்கிற பொடிக்கு மேற்பரப்பில் ஒரு குறையும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹைட்ரஜன் இந்த அலாய்க்குள் போகும்போது ஒரு மோலுக்குக் கிட்டத்தட்ட 31 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. 14 கிராம் என்பது 7 மோல். ஆக உருளை முழுவதும் நிரம்ப, 217 கிலோஜூல் வெளியே போயாக வேண்டும். இதை எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.

அடுத்தது, இந்த அலாயின் சமநிலை அழுத்தம், அதாவது ஹைட்ரஜன் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நிற்கிற அழுத்தம், சூட்டோடு ஏறுகிற விதம். 10 டிகிரியில் 0.9 பார், 30 டிகிரியில் 2 பாருக்குச் சற்று மேலே, 40 டிகிரியில் 3.2, 60 டிகிரியில் 6.5, 80 டிகிரியில் 12. வான்ட் ஹாஃப் சமன்பாட்டில் போட்டால் நீங்களே வரவழைத்துக்கொள்ளலாம். நீங்கள் கொடுக்கிற அழுத்தம் இந்தச் சமநிலை அழுத்தத்தைவிட எவ்வளவு அதிகமோ, அதுதான் ஹைட்ரஜனை உள்ளே தள்ளுகிற விசை. நீங்கள் கொடுப்பது 10 பார். சமநிலை அழுத்தம் 10 பாரைத் தொடுவது ஏறக்குறைய 73 டிகிரியில். இதைத் தடைச்சூடு என்று வைத்துக்கொள்வோம். பொடி அந்தச் சூட்டுக்குப் போய்விட்டால் தள்ளுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அலாய்க்குள் இடம் காலியாகவே இருக்கும், ஆனாலும் ஹைட்ரஜன் போகாது.

73 டிகிரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அலாயின் வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு, டிகிரிக்கு 0.42 கிலோஜூல். 30லிருந்து 73 வரை ஏற 18 கிலோஜூல் போதும். 217ல் 18 என்றால் 8 சதவீதம். ஒரு கிராமுக்குச் சற்று மேலே ஹைட்ரஜன் ஏறியவுடனேயே பொடி தன் சூட்டிலேயே தன்னை அடைத்துக்கொள்கிறது. அந்த ஒரு கிராம் சொச்சம்தான் நீங்கள் பார்த்த அரை நிமிட ஓட்டம். 25 லிட்டர் வேகத்தில் அரை நிமிடம் என்றால் 12 லிட்டர், கிட்டத்தட்ட 1.1 கிராம். கணக்கும் உங்கள் ரீடிங்கும் ஒன்றாக வருகிறது, பாருங்கள்.

அதற்குப் பிறகு எவ்வளவு சூடு வெளியே போகிறதோ, அவ்வளவுக்குத்தான் ஹைட்ரஜன் உள்ளே போகும். ஃபேன் காற்றில் உங்கள் அளவு உருளை 30 வாட்டை ஒட்டித்தான் வெளியே விடும். 30 வாட்டுக்கு நிமிடத்துக்கு 1.3 லிட்டர் ஹைட்ரஜன். 50 லிட்டர் மீட்டரில் 1.3 லிட்டர் எப்படித் தெரியும்? பூஜ்யம் மாதிரிதான் தெரியும். ஓட்டம் நிற்கவே இல்லை தம்பி. மீட்டர் அதைக் காட்டவில்லை, நீங்கள் அரை மணியில் வால்வை மூடிவிட்டீர்கள். அரை மணிக்கு 30 வாட் என்றால் 54 கிலோஜூல், அதற்கு மூன்றரை கிராம். முதலில் போன ஒரு கிராம் சொச்சத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய உங்கள் 5 கிராம்.

இந்தத் துறையில் எனக்கு ஆழமாகப் பதிந்துபோன ஒன்றைச் சொல்கிறேன். ஹைட்ரைடு உருளையை கேஸ் சிலிண்டராக நினைத்து வடிவமைப்பவர்களுக்கு அது ஒருபோதும் ஒத்துழைக்காது. உள்ளே பொடியை அடைத்த வெப்பமாற்றி என்று நினைத்து வடிவமைக்க வேண்டும். எந்த அலாய், எத்தனை சதவீதம் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். பொடியின் நடுவிலிருந்து சுவர் வரை சூடு எப்படி வரும் என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள் என்று மாணவர்களிடம் கெஞ்சியிருக்கிறேன்.

பொடி உலோகம்தானே, சூட்டை நன்றாகக் கடத்தாதா என்று கேட்பீர்கள். கடத்தாது. ஹைட்ரஜன் ஏறும்போது இந்த அலாயின் கன அளவு ஏறக்குறைய 25 சதவீதம் கூடுகிறது. கட்டியாக இருந்தது விரிசல் விட்டு, நான்கைந்து சுற்றுக்குள் சில மைக்ரான் அளவு மாவாகிவிடும். துகளும் துகளும் முனையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்து வைத்து விற்பார்கள், உமி சூட்டை அண்டவிடாது. உங்கள் பொடியும் அந்த ஜாதிதான். தாமிரம் மீட்டருக்கு, டிகிரிக்கு 400 வாட் கடத்தும், எஸ்.எஸ். 16, ஹைட்ரைடுப் பொடி 1 வாட் வந்தாலே அதிகம்.

இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, உருளையின் சுவரில் தெர்மோகப்பிளை (சூடு அளக்கிற கம்பி) இறுக்கிக் கட்டி, 10 பாரில் ஒரு முறை, 5 பாரில் ஒரு முறை ஏற்றுங்கள். 5 பாருக்குரிய தடைச்சூடு 52 டிகிரி. சுவரின் சூடு, உள்ளே இருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஆனால் இரண்டு சோதனைக்கும் நடுவே 20 டிகிரி அளவுக்கு வித்தியாசம் வந்தால் வேறு ஆதாரமே வேண்டாம். அலாய் மட்டமாக இருந்தால் அழுத்தத்தை மாற்றும்போது சூடு இப்படி ஒழுங்காக நகராது. இரண்டு, உருளையைத் தண்ணீர் வாளியில் நிறுத்தி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே, ஒன்றரை மணி நேரம் விட்டு எடை பாருங்கள்.

ஃபேப்ரிகேஷன்_தேவி

சேது ஐயா சொன்னதில் நான் தலையிடவில்லை. நான் பிரஷர் வெசல் வேலை செய்கிறவள். உருளை பற்றி மட்டும் சில வார்த்தை.

தம்பி, உள்ளே நடுவில் சூடு அளக்கலாம் என்று ஆசைப்பட்டு இப்போது இருக்கிற உருளையில் துளை போட்டுவிடாதீர்கள். பொடியை உள்ளே வைத்துக்கொண்டு வெல்டிங் பக்கமே போகக் கூடாது. ஆக்டிவேட் ஆன பொடி காற்று பட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். காலி செய்வதாக இருந்தால் ஆர்கான் நிறைந்த கிளவ் பாக்ஸில் (காற்றுப் புகாத, கையுறை வைத்த பெட்டி) வைத்துத்தான். அடுத்த உருளை செய்யும்போது, மூடியிலேயே ஒரு மெல்லிய எஸ்.எஸ். குழாயை அடி மூடி வெல்ட் செய்து உள்ளே இறக்கிவிடுங்கள். தெர்மோகப்பிள் அதற்குள் போய் வரும், கேஸ் பக்கம் திறக்கவே வேண்டாம்.

உருளையை நிறுத்தி வைத்திருக்கிறீர்களா, படுக்க வைத்திருக்கிறீர்களா? நிறுத்தி வைத்து ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் மாவு கீழே இறங்கி இறங்கி இறுகும். அடுத்த தடவை அங்கே விரிவதற்கு இடமில்லாமல் சுவரைத் தள்ளும். அடிப்பக்கம் புடைத்து என்னிடம் வந்த ஒரு உருளையை நானே பார்த்திருக்கிறேன். வெளிவிட்டத்தை அடியில், நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். படுக்க வைத்து ஓட்டினால் இன்னும் நல்லது. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வு பற்றி நீங்கள் எழுதவே இல்லை. இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

முகில்_தெர்மல்

சேது ஐயா, தேவி அக்கா, மலர், மூன்று பேருக்கும் நன்றி. ரிலீஃப் வால்வு கேஸ் லைனில் இருக்கிறது, உருளையில் தனியாக இல்லை. அதை மாற்றிவிடுகிறேன். விட்டத்தை அளந்தாகிவிட்டது, புடைப்பு இல்லை. இனிமேல் படுக்க வைத்தே ஓட்டுவேன்.

இரண்டு சோதனையையும் செய்தேன். ஃபேன் காற்றில் 10 பார் கொடுத்தபோது சுவர் 64 டிகிரிக்குப் போய் அங்கேயே நின்றது. 5 பாரில் 46. வாளித் தண்ணீரில் படுக்க வைத்து, சின்ன பம்ப் போட்டுச் சுற்றவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து எடை பார்த்தேன். 13 கிராம் ஏறியிருக்கிறது. கைடிடம் காட்டினேன். அவர் உட்கார்ந்து உங்கள் 217 கிலோஜூல் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டில் இதை முதல் அத்தியாயமாகவே வை என்று சொல்லிவிட்டார்.

இப்போது இரண்டு கேள்வி. ஒன்றரை மணி நேரத்தை எப்படிக் குறைப்பது? இன்னொன்று, ரிவ்யூவில் கட்டாயம் கேட்பார்கள்: வெறும் 1.4 சதவீதத்துக்கு ஏன் மெனக்கெடுகிறாய், மெக்னீசியம் 7.6 சதவீதம் பிடிக்குமே, அதை எடுக்கக் கூடாதா என்று. என்ன பதில் சொல்வது?

சேது_குளிர்பதனம்

64க்கும் 46க்கும் நடுவே 18 டிகிரி. நான் எதிர்பார்த்தது கிட்டத்தட்ட அதேதான். ஏறும்போது இந்த அலாய், இறங்கும்போது உள்ளதைவிடச் சற்றுக் கூடுதல் அழுத்தம் கேட்கும். அதனால் உள்ளே நிஜமான தடைச்சூடு 73க்குக் கொஞ்சம் கீழேயே இருந்திருக்கும். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

முதலில் மெக்னீசியம். 7.6 சதவீதம் என்பது உண்மை. ஆனால் மெக்னீசியம் ஹைட்ரைடு ஹைட்ரஜனை இறுகப் பிடித்துக்கொள்கிறது, மோலுக்கு 75 கிலோஜூல். சமநிலை அழுத்தம் ஒரு பாரைத் தொடுவதற்கே 280 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஒரு மோல் ஹைட்ரஜனை எரித்தால் கிடைப்பது 242 கிலோஜூல். அதில் 75ஐ, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை, வெளியே எடுக்கவே செலவழிக்க வேண்டும், அதுவும் 300 டிகிரி சூடாக. உங்கள் அலாய்க்கு எட்டில் ஒரு பங்கு, அதற்கு 40 டிகிரி வெந்நீர் போதும். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கிற, 60, 70 டிகிரியில் ஓடுகிற ஃப்யூயல் செல்லின் கழிவுச் சூடே அதைச் செய்துவிடும். பக்கத்தில் 300 டிகிரிக்கு மேல் சும்மா போகிற சூடு இருக்கிற இடத்தில் மெக்னீசியத்தை யோசிக்கலாம். உங்கள் மேஜையில் அது இல்லை.

இரண்டுக்கும் நடுவழியாக 1968ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ரைலியும் விஸ்வாலும் மெக்னீசியத்தோடு நிக்கலைச் சேர்த்துப் பார்த்தார்கள். 3.6 சதவீதம் பிடித்தது, ஆனாலும் 250 டிகிரி கேட்டது. அதே இருவர்தான் 1974ல் இரும்பு-டைட்டானியம் அலாயைப் பற்றி எழுதினார்கள். அறைச்சூட்டிலேயே வேலை செய்யும், 1.9 சதவீதம் வரை பிடிக்கும், இரண்டும் மலிவான உலோகம். ஆனால் ஆக்டிவேஷனில் உயிரை எடுக்கும். மேலே ஆக்சைடு படலம் கெட்டியாக உட்கார்ந்திருக்கும், 400 டிகிரி வரை சூடாக்கி, அதிக அழுத்தம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வழிக்கு வரும். இரும்பில் ஒரு பங்கை மாங்கனீசாக மாற்றினால் கொஞ்சம் இணங்கும்.

உங்கள் அலாய் வந்த கதை எனக்கு எப்போதும் பிடித்தது. ஹாலந்தில் ஐந்தோவன் நகரத்தில் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் 1960களின் கடைசியில் காந்தம் செய்துகொண்டிருந்தார்கள், சமேரியம்-கோபால்ட் காந்தம். அது ஹைட்ரஜனை உறிஞ்சுகிறது, உறிஞ்சினால் காந்த குணம் மாறுகிறது என்று 1969ல் கவனித்தார்கள். அதே படிக அமைப்பில் சமேரியத்துக்குப் பதில் லாந்தனம், கோபால்ட்டுக்குப் பதில் நிக்கல் என்று போனபோது, அறைச்சூட்டில் இரண்டு பாரில் ஹைட்ரஜனை வாங்கி, கேட்டால் திருப்பிக் கொடுக்கிற உலோகம் கையில் கிடைத்தது. 1866லேயே தாமஸ் கிரஹாம் பல்லேடியம் ஹைட்ரஜனை உறிஞ்சுவதைக் கண்டார். ஆனால் பல்லேடியத்தை யார் கிலோ கணக்கில் வாங்குவது? அதனால்தான் ஐந்தோவன் முக்கியம். ரீசார்ஜ் செய்கிற நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் இந்தக் குடும்பத்து அலாயிலிருந்து வந்ததுதான். பழைய டொயோட்டா ப்ரியஸ் காரின் பேட்டரியிலும் அதுதான் இருந்தது. அதில் சுத்த லாந்தனம் இருக்காது, மிஷ்மெட்டல் இருக்கும். லாந்தனம், சீரியம், நியோடிமியம் எல்லாம் பிரிக்காமல் சேர்ந்தே இருக்கிற கலவை அது, பிரிக்கிற செலவு மிச்சம். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட் தாதுவில் இந்த லாந்தனமும் சீரியமும்தான் பெரும்பங்கு. உங்கள் அடுத்த அலாய் மிஷ்மெட்டல் வகையாக இருந்தால் செலவும் குறையும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் குழு மிஷ்மெட்டல்-நிக்கல்-அலுமினியம் உருளையில் குளிர்நீரின் சூட்டையும் கொடுக்கிற அழுத்தத்தையும் மாற்றி மாற்றி அளந்து வெளியிட்ட கட்டுரைகள் உண்டு. உங்களுக்கு அவை நேரடியாக உதவும்.

இனி 1.4 சதவீதம் பற்றி. எடையில் கொஞ்சம்தான், ஆனால் கன அளவைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் திரவ ஹைட்ரஜனில் 71 கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது, அதுவும் மைனஸ் 253 டிகிரியில். 700 பார் கேஸில் 40 கிலோ. உங்கள் அலாயின் படிகத்துக்குள் 115 கிலோ, அறைச்சூட்டில், சில பார் அழுத்தத்தில். பொடிக்கு நடுவே உள்ள காலியிடத்தைக் கழித்தாலும் 700 பாரை மிஞ்சும். எனவே எடை பாரமாகத் தெரியாத இடங்களில் இது ராஜா. ஜெர்மனியின் 212ஏ வகை நீர்மூழ்கிக் கப்பல் இதற்கு நல்ல உதாரணம். 2005ல் கடற்படையில் சேர்ந்த யு-31 முதல் அந்த வகைக் கப்பல்களில் ஃப்யூயல் செல்லுக்கான ஹைட்ரஜன், கப்பலின் அழுத்தக்கூட்டுக்கு வெளியே ஹைட்ரைடு உருளைகளில் இருக்கிறது. நீர்மூழ்கிக்கு எப்படியும் அடியில் பாரம் வேண்டும், அந்தப் பாரமாக அலாயே நிற்கிறது. ஃப்யூயல் செல்லைக் குளிர்வித்து வருகிற சூடான நீரே உருளைகளைச் சூடாக்கி ஹைட்ரஜனை விடுவிக்கிறது.

காருக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்பார்கள். எடை என்று எல்லாரும் சொல்வார்கள், அது சரி. 5 கிலோ ஹைட்ரஜனுக்கு 350 கிலோவுக்கு மேல் அலாய் மட்டும் வேண்டும். ஆனால் நீங்கள் சூட்டையும் சொல்லுங்கள். 5 கிலோ ஏற 77 மெகாஜூல் வெளிவரும். ஐந்து நிமிடத்தில் பங்க்கில் நிரப்ப வேண்டுமென்றால் 250 கிலோவாட்டை அந்த நேரம் முழுவதும் வெளியே தள்ள வேண்டும். அதே 5 கிலோவை, தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிற சோலார் எலக்ட்ரோலைசரிலிருந்து பத்து மணி நேரத்தில் நிரப்பினால் 2 கிலோவாட் சொச்சம், ஒரு சின்ன தண்ணீர் பம்ப் போதும். ஒரே அலாய், ஒரே ஹைட்ரஜன், ஒன்று முடியாத வேலை, மற்றது சுலபமான வேலை. அதனால்தான் நான் இந்தப் பொருளை ஓடுகிற வண்டியைவிட நிற்கிற கட்டடத்துக்கு, செல்போன் டவருக்கு, கப்பலுக்கு என்று வாதாடுகிறவன்.

சூட்டை எதிரியாகப் பார்க்காமல் அதையே வேலை வாங்கியவர்களும் உண்டு. 2009ல் ஐரோப்பா அனுப்பிய பிளாங்க் விண்கலத்தில், உணர்கருவியை 20 கெல்வினுக்குக் குளிர்விக்க நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி ஒரு கம்ப்ரஸர் செய்தது. பிஸ்டன் கிடையாது. உங்கள் அலாயில் நிக்கலில் கொஞ்சத்தை வெள்ளீயமாக மாற்றிய பொடி, ஆறு உருளையில். ஒன்றைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் ஏறக்குறைய 50 பாரில் வெளியே வரும், அது விரிந்து குளிரும், குளிர்ந்திருக்கிற இன்னொரு உருளை அதை உறிஞ்சிக்கொள்ளும். இப்படியே முறை மாற்றி மாற்றி. நுண்ணலை வானத்தை அளக்கிற கருவிக்குப் பக்கத்தில் துளி அதிர்வு இல்லை. வெள்ளீயம் சேர்த்ததற்குக் காரணம், சுத்த லாந்தனம்-நிக்கலை அதிகச் சூட்டில் ஆயிரக்கணக்கான சுற்று ஓட்டினால் லாந்தனம் ஹைட்ரைடாகவும் நிக்கலாகவும் பிரிந்துபோகும். கொஞ்சம் வெள்ளீயமோ அலுமினியமோ அந்தப் பிரிவைத் தடுக்கிறது. ஒரு குளிர்பதனக்காரனாக, இதைவிட அழகான இயந்திரம் நான் பார்த்ததில்லை.

சரி, ஒன்றரை மணி நேரத்தைக் குறைக்கிற வழி. அழுத்தத்தைக் கூட்டினால் தடைச்சூடு ஏறும், அதனால் சுவருக்கும் பொடிக்கும் வித்தியாசம் கூடும், வேகம் கூடும். ஆனால் அதற்கு உருளை தாங்க வேண்டும். குளிர்நீரின் சூட்டைக் குறைத்தாலும் அதே பலன். நம் ஊர்த் தண்ணீர் மே மாதம் 32, 33 டிகிரியில் வரும், 20 டிகிரி தண்ணீர் கிடைத்தால் கணிசமான வித்தியாசம் தெரியும். ஆனால் இந்த இரண்டையும்விட விட்டத்தைக் குறைப்பது பெரிய வழி. நேரம் விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. 50 மி.மீ. பைப்புக்குப் பதில் 25 மி.மீ. பைப்பில் நான்கு மடங்கு நீளமாகப் போட்டால் அதே ஒரு கிலோவுக்கு நேரம் கால்வாசியாகும். பைப்பை மாற்ற முடியாவிட்டால், அடுத்த தடவை பொடியை நிரப்பும்போது மெல்லிய தாமிரத் தகட்டு வட்டங்களை இடைவெளி விட்டு அடுக்குங்கள். தகட்டின் விளிம்பு சுவரைத் தொட வேண்டும், தொடாத தகட்டால் பிரயோஜனமில்லை. விரிந்த கிராஃபைட்டைப் பொடியோடு கலந்து வில்லையாக அழுத்துவது இன்னும் நல்லது, அதற்கு பிரஸ்ஸும் கிளவ் பாக்ஸும் வேண்டும்.

ரிவ்யூவுக்குள் உருளையைத் திறக்கச் சொல்ல மாட்டேன். இருப்பதை வைத்தே மூன்று வளைகோடு எடுங்கள்: ஃபேன் காற்று, கலக்காத தண்ணீர், கலக்கின தண்ணீர். நேரம் போகப் போக எடை எப்படி ஏறுகிறது என்று. கூடவே சுவர் சூடு. மூன்றும் ஒரே படத்தில் வந்தால் உங்கள் ரிப்போர்ட்டை அதுவே தாங்கி நிற்கும். ஃப்ளோ மீட்டரை 5 லிட்டர் அளவுள்ளதாக மாற்றுங்கள், அல்லது சின்னது ஒன்றை இணையாகப் போடுங்கள்.

வேதி_மலர்

ஐயா, சுவர் சூடு அழுத்தத்தோடு நகர்வதைப் பார்த்த பிறகு மாசு இல்லை என்று எனக்கும் தெளிவாகிவிட்டது. ஒரு சந்தேகம். இறக்கும்போதும் இதே கதைதானா? ஹைட்ரஜன் வெளியே வரும்போது பொடி குளிர்ந்து தானே அடைத்துக்கொள்ளுமா?

சேது_குளிர்பதனம்

அதே கதைதான் அம்மா, தலைகீழாக. வால்வைத் திறந்து ஒரு பாருக்கு விட்டால் பொடி 12 டிகிரியை ஒட்டி இறங்கி நிற்கும். அந்தச் சூட்டில்தான் சமநிலை அழுத்தம் ஒரு பார். ஃபேன் காற்று உள்ளே கொண்டுவருகிற சூட்டின் அளவுக்குத்தான் அதற்குப் பிறகு ஹைட்ரஜன் வரும். நம் ஊர் ஈரப்பதத்தில் உருளையின் மேல் முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டும். பொடி எங்கே நிறைய இருக்கிறதோ அங்கே கோடு போட்ட மாதிரி ஈரம் நிற்கும், மேலே காலியிடம் இருக்கிற பகுதி காய்ந்தே இருக்கும். முகில், அதை ஒரு படம் எடுத்து வையுங்கள். படுக்க வைத்த உருளையில் பொடி எவ்வளவு உயரம் கிடக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும்.

ஃப்யூயல் செல்லை இணைக்கும்போது இதுதான் முதல் தொல்லை. ஒரு கிலோ அலாய் 155 லிட்டர் ஹைட்ரஜன் வைத்திருந்தும், செல் பத்து நிமிடத்தில் பட்டினி கிடக்கும். செல்லின் சூடான காற்றை உருளைமேல் திருப்பிவிட்டாலே பாதி சரியாகும்.

இறக்கும்போது கேஸை ஜன்னலுக்கு வெளியே உயரமான இடத்தில் குழாய் வழியாக விடுங்கள், அறைக்குள் வேண்டாம். ரிலீஃப் வால்வு பற்றி தேவி சொன்னதோடு ஒரு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரம்பிய உருளை மூடிய நிலையில் 80 டிகிரிக்குப் போனால் உள்ளே 12 பார், 100 டிகிரியில் 20 பாருக்கு மேல். ஆக்டிவேஷனுக்காகச் சூடாக்கும்போது வால்வு வாக்குவம் பக்கம் திறந்திருக்கிறதா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும்.

முகில்_தெர்மல்

குறித்துக்கொண்டேன் ஐயா. உருளையின் மூடியிலேயே 25 பாரில் திறக்கிற ரிலீஃப் வால்வு போடச் சொல்லியிருக்கிறேன். உருளை 40 பார் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுக்கிற சோதனை) ஆனது. தேவி அக்கா, இந்த செட்டிங் சரியா?

ஃபேப்ரிகேஷன்_தேவி

40 பார் ஹைட்ரோ டெஸ்ட் என்றால் டிசைன் பிரஷர் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ரிலீஃப் வால்வு டிசைன் பிரஷரைத் தாண்டி செட் ஆகக் கூடாது, டெஸ்ட் பிரஷரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உருளையோடு டிராயிங் கொடுத்திருப்பார்கள், அதில் இருக்கும். வால்வின் வாயை ஃபில்டருக்கு அந்தப் பக்கம், பொடி வராத பக்கமாக வையுங்கள், இல்லையென்றால் மாவு சீட்டில் உட்கார்ந்து வால்வு மூடாது. போட்டுவிட்டு ஹீலியத்தில் லீக் பார்த்துவிட்டு அப்புறம் ஹைட்ரஜன் விடுங்கள்.